பழைய மைதானத்தில் எதைக் காப்பாற்ற வேண்டும்?

கேள்வி இதுதான்: நூறு வருடப் பழமை உள்ள கால்பந்து மைதானங்களை ஒவ்வொன்றாக இடித்துவிட்டுப் புது அரங்கங்கள் கட்டுகிறார்களே, இது சரியா? பழையவற்றைப் பாரம்பரியக் கட்டடமாக அறிவித்து அப்படியே வைத்திருக்கக் கூடாதா?

இடிக்கலாமா கூடாதா என்ற வாதத்தில் இறங்கும் முன், எதைக் காப்பாற்றப் பார்க்கிறோம் என்று முடிவு செய்துகொள்வது நல்லது. என்னைக் கேட்டால், முதலில் வருவது மைதானம் நிற்கிற இடம். அடுத்தது ஆடுகளத்துக்கும் கூட்டத்துக்கும் இடையே உள்ள தூரம். அப்புறம், கையில் அதிகம் காசில்லாதவரும் உள்ளே வர முடிகிறதா என்பது. செங்கல் முகப்பு, கடிகாரம், கோபுரம் எல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த வரிசையில் பார்த்தால், தரைமட்டமாக்கித் திரும்பக் கட்டிய சில மைதானங்கள் பழையபடியே உயிரோடு இருக்கின்றன. சுவரைத் தொடாமல் விட்டுவைத்த சில மைதானங்களில் பழைய மைதானம் இல்லவே இல்லை.

பாதுகாப்பை முதலில் பேசிவிடலாம், ஏனென்றால் அதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. 1985 மே 11 அன்று பிராட்ஃபோர்ட் நகரின் வேலி பரேட் மைதானத்தில் தீப்பிடித்தது. 1911ல் கட்டிய மரத்தாலான மெயின் ஸ்டாண்ட் (கூரையுள்ள முக்கியப் பார்வையாளர் பகுதி). கூரையில் தார் பூசிய விரிப்பு. தரைப் பலகைகளுக்கு நடுவே இடைவெளி இருந்ததால் பல வருடக் காகிதக் குப்பை கீழே விழுந்து மக்காமல் கிடந்தது. தீக்குப் பிறகு துழாவியபோது 1968ஆம் ஆண்டுச் செய்தித்தாள் ஒன்று அங்கே கிடைத்தது. அந்தக் குப்பையில்தான் தீ பற்றியது. சில நிமிடங்களுக்குள் ஸ்டாண்ட் முழுவதும் எரிந்துவிட்டது. 56 பேர் இறந்தார்கள். பின்பக்கக் கதவுகளை நோக்கி ஓடியவர்கள் அவை பூட்டியிருந்ததால் மாட்டிக்கொண்டார்கள். முன்பக்கம் ஆடுகளத்தை நோக்கி ஓடியவர்கள் பிழைத்தார்கள், அங்கே வேலி இல்லாததால். அந்தக் கூரையை மாற்றும் வேலை அந்த சீசன் முடிந்ததும் தொடங்குவதாக இருந்தது. அன்று நடந்ததுதான் சீசனின் கடைசி ஆட்டம்.

எனவே பழைய மர ஸ்டாண்டின் அழகைப் பற்றிப் பேசும் யாரும் வேலி பரேடை மனதில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். ஆனால் 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கி 97 பேர் இறந்ததையும் பழைய கட்டடத்தின் தலையில் போட்டுவிடுவது நியாயமில்லை. அங்கே முன்பக்கம் இரும்பு வேலி போட்டுக் கூட்டத்தைக் கூண்டுகளாகப் பிரித்திருந்தார்கள். ஏற்கனவே நிரம்பிய கூண்டுகளுக்குள் மேலும் ஆட்களை விடும்படி காவல்துறை வாயிலைத் திறந்தது. கட்டடத்தில் குறை இருந்தது உண்மை. ஆனால் கூட்டத்தைக் கையாண்ட காவல்துறையின் தவறுகளும் காரணம் என்று 2016ல் முடிந்த மரண விசாரணையில் ஜூரி தெளிவாகச் சொன்னது.

ஹில்ஸ்பரோவை விசாரித்த நீதிபதி டெய்லரின் இறுதி அறிக்கை 1990 ஜனவரியில் வந்தது. பெரிய மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை இருக்க வேண்டும் என்றது. அதன் விளைவாக இங்கிலாந்தின் முகமே மாறியது. மிடில்ஸ்பரோ 1995ல் அயர்சம் பார்க்கை விட்டது. சண்டர்லாண்ட் 1997ல் ரோக்கர் பார்க்கையும், சவுத்தாம்ப்டன் 2001ல் தி டெல்லையும், மான்செஸ்டர் சிட்டி 2003ல் மெயின் ரோடையும் விட்டு வெளியேறின. அந்த அறிக்கையில் பலரும் மறந்துவிட்ட பகுதி ஒன்று உண்டு. இருக்கை போடுவதைச் சாக்காக வைத்து டிக்கெட் விலையை ஏற்றிவிடக் கூடாது, நின்று பார்த்தவர் கொடுத்த காசுக்குக் கட்டுப்படியாகும் இருக்கைகளும் இருக்க வேண்டும் என்று டெய்லர் எழுதியிருந்தார். கிளாஸ்கோவின் இப்ராக்ஸ் மைதானத்தில் இருக்கைக்கு 6 பவுண்ட், நின்று பார்க்க 4 பவுண்ட் என்று உதாரணமும் கொடுத்தார். கிளப்புகள் இருக்கை போடும் பகுதியைச் செய்து முடித்தன. விலையைப் பற்றிய பகுதியை விட்டுவிட்டன. இன்று புது அரங்கங்கள் மீது ரசிகர்களுக்கு உள்ள கோபத்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று நான் நினைக்கிறேன்.

டெய்லர் இப்ராக்ஸைச் சொன்னது தற்செயல் இல்லை. இந்த விவாதத்தில் பேச வேண்டிய அத்தனையும் அந்த ஒரு மைதானத்தின் கதையில் இருக்கிறது.

1902 ஏப்ரல் 5, ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் ஆட்டம். மரச் சட்டங்கள் மேல் எழுப்பியிருந்த கேலரியின் பின்பகுதி உடைந்தது. 25 பேர் இறந்தார்கள், 500க்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். அந்த மைதானத்தை வடிவமைத்த ஆர்ச்சிபால்ட் லீட்ச் அன்று அங்கேயே இருந்து அதைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் மண்ணைக் குவித்த மேட்டின் மேல் படிகளை அமைக்கத் தொடங்கினார், கூட்டத்தின் அழுத்தத்தைத் தாங்கும் இரும்புத் தடுப்புகளையும் வடிவமைத்தார். அடுத்த முப்பது ஆண்டுகளில் பிரிட்டனின் பெரிய கிளப்புகள் பலவற்றுக்கும் ஸ்டாண்ட் கட்டியவர் அவர்தான். இன்று நாம் பழைய இங்கிலீஷ் மைதானம் என்று மனதில் வைத்திருக்கும் காட்சி, குறிப்பாக மேல்மாடியின் முகப்பில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் அந்த இரும்புச் சட்டம், லீட்ச் கொடுத்தது. இப்ராக்ஸில் அவருடைய சிவப்புச் செங்கல் மெயின் ஸ்டாண்ட் 1929ல் திறக்கப்பட்டது.

1971 ஜனவரி 2 அன்று அதே இப்ராக்ஸில் ஆட்டம் முடிந்து வெளியே போகும்போது 13ஆம் எண் படிக்கட்டில் நெரிசல். 66 பேர் இறந்தார்கள். அதன் பிறகு, அங்கே ஆடும் ரேஞ்சர்ஸ் கிளப்பின் நிர்வாகத்தில் இருந்த வில்லி வாடெல், ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரின் புது அரங்கத்தை மாதிரியாக எடுத்துக்கொண்டார். 1978க்கும் 1981க்கும் இடையே மூன்று பக்க மேடுகளும் போய், மூன்று நவீன ஸ்டாண்டுகள் வந்தன. லீட்ச் கட்டிய மெயின் ஸ்டாண்டை மட்டும் தொடவில்லை. 1991ல் அதற்கு மேலேயே இன்னொரு அடுக்கு ஏற்றினார்கள். இடம் மாறவில்லை. ஆபத்தான பகுதி போய்விட்டது. நன்றாகக் கட்டிய பகுதி நின்றது. ஹில்ஸ்பரோ நடப்பதற்கு எட்டு வருடம் முன்னாலேயே ஒரு கிளப் இதைச் செய்து முடித்திருந்தது. பாதுகாப்பு வேண்டுமென்றால் ஊருக்கு வெளியே போய்த்தான் ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

அடுத்தது தூரம். புது அரங்கத்தில் சத்தமே இல்லை, சவம் மாதிரி இருக்கிறது என்று ரசிகர்கள் குறைபட்டுக்கொள்வதை வெறும் பழைய பாசம் என்று தள்ளிவிட வேண்டாம். அதற்கு வடிவியல் காரணம் இருக்கிறது.

லீட்ச் காலத்து ஸ்டாண்டில் நடுவே தூண்கள் நிற்கும். தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தவருக்கு ஒரு கோல் கம்பம் மறைந்துவிடும். அது பெரிய குறைதான். ஆனால் அந்தத் தூண்கள்தான் மேல்மாடியைத் தாங்கின. அதனால் மேல்மாடியைக் கீழ்த்தளத்தின் தலைக்கு மேலேயே, ஆடுகளத்தை எட்டிப் பார்க்கிற மாதிரி முன்னால் கொண்டுவர முடிந்தது. தூணே கூடாது என்று முடிவு செய்தால், மேலடுக்கும் கூரையும் பின்பக்கத்திலிருந்து மட்டுமே தாங்கப்பட வேண்டும். பின்னாலிருந்து அவ்வளவு நீளம் அந்தரத்தில் நீட்டுவது கடினம், செலவும் கூடும். ஆகவே மேலடுக்கு பின்னுக்குப் போகிறது. இரண்டு அடுக்குக்கு நடுவே பணக்கார விருந்தினர்களுக்கான கண்ணாடி அறைகளை ஒரு வரிசை, இரண்டு வரிசை என்று நுழைத்தால், அது இன்னும் மேலேயும் பின்னேயும் போகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. முன்வரிசைக்காரரின் கண்ணுக்கு மேலே என் பார்வைக்கோடு எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் போகிறது என்பதை வடிவமைப்பாளர்கள் சி-மதிப்பு என்று சொல்வார்கள். 60 என்றால் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும், 90 நல்லது, 120 மிகவும் வசதி. ஒவ்வொரு வரிசைக்கும் இந்த மதிப்பு கிடைக்க வேண்டுமென்றால், பின்னே போகப் போகப் படியின் உயரத்தைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். அதனால் முழு வசதியோடு கட்டிய பெரிய அரங்கத்தின் கடைசி வரிசைக்காரர் வானத்தில் உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பந்து நன்றாகத் தெரியும், ஆட்டக்காரரின் முகம் தெரியாது. பழைய மைதானத்தில் எல்லாம் நெருக்கியடித்தது, பாதிப் பேருக்குச் சரியாகத் தெரியாது, ஆனால் எல்லோரும் பக்கத்தில் இருந்தார்கள். எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று தெரிந்துகொண்டால்தான் இந்த விவாதம் உருப்படும்.

நல்ல வடிவமைப்பாளர்கள் இதைத் தெரிந்தே வேலை செய்கிறார்கள். லண்டனின் டாட்டன்ஹாம் கிளப் 2017ல் தன் ஒயிட் ஹார்ட் லேன் மைதானத்தை இடித்துவிட்டு அதே நிலத்தில் 2019ல் திறந்த அரங்கத்தில், தெற்குப் பக்கம் முழுவதும் ஒரே அடுக்கு, சுமார் 17,500 பேர். நடுவே கண்ணாடி அறைகள் கிடையாது. டார்ட்மண்டின் தெற்குக் கேலரியைப் பார்த்துச் செய்தது. அந்த டார்ட்மண்ட் கேலரியில் ஏறக்குறைய 25,000 பேர் இன்றும் நின்றுகொண்டுதான் பார்க்கிறார்கள். நிற்பதே ஆபத்து என்ற எண்ணத்தை இங்கிலாந்தும் கைவிட்டுவிட்டது. ஒவ்வொரு வரிசைக்கும் கம்பித் தடுப்பு வைத்து, அனுமதி பெற்ற மைதானங்களில் 2022 முதல் நிற்க விடுகிறார்கள்.

மோசமாகக் கட்டினால் புதுசு பழசைவிடச் சீக்கிரம் செத்துவிடும். 1990 உலகக் கோப்பைக்காக டூரினில் கட்டிய டெல்லே ஆல்பி அரங்கத்தில் ஆடுகளத்தைச் சுற்றி ஓட்டப்பந்தயப் பாதை இருந்தது. யுவென்டஸ் மாதிரி பெரிய கிளப்பாலேயே அதை நிரப்ப முடியவில்லை. 2006ல் அதைக் கைவிட்டு, பிறகு இடித்து, அதே இடத்தில் சுமார் 41,000 பேருக்கான நெருக்கமான அரங்கத்தை 2011ல் திறந்தார்கள். பாதிக்கும் கொஞ்சம் கூடுதலான இருக்கைகள்தான், ஆனால் கூட்டம் நிரம்பியது. லண்டனின் வெஸ்ட் ஹாம் கிளப்பின் கதை இதற்கு நேர் எதிர். 1904 முதல் ஆடிவந்த அப்டன் பார்க்கை 2016ல் விற்றுவிட்டு, ஒலிம்பிக்குக்காகக் கட்டிய அரங்கத்துக்கு வாடகைக்குப் போனார்கள். இருக்கை கூடியது. கூட்டம் ஆடுகளத்தைவிட்டுத் தள்ளிப் போனது. 2018 மார்ச்சில் கோபம் தாங்காமல் ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கியதை உலகமே பார்த்தது.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிளப்புகள் உண்மையில் இதற்காகத்தான் கட்டுகின்றன. லண்டனின் ஆர்சனல் கிளப்பின் பழைய மைதானமான ஹைபரியில் சுமார் 38,000 பேர்தான் அமர முடியும். சுற்றிலும் வீடுகள், ஸ்டாண்டுகளில் ஒன்று பாரம்பரியக் கட்டடம். சீசன் டிக்கெட்டுக்கு ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள். ஆர்சனல் 2006ல் சுமார் 39 கோடி பவுண்ட் செலவில் 60,000 பேருக்கான எமிரேட்ஸுக்கு மாறியது. கணக்காகப் பார்த்தால் அது சரியான முடிவு என்று நானும் சொல்வேன். நடந்தே போகும் தூரம்தான், கிளப்புக்குச் சொந்தமான அரங்கம்தான். ஆனால் கடனை அடைக்க நல்ல ஆட்டக்காரர்களை விற்க வேண்டியிருந்தது. 2005க்கும் 2014க்கும் இடையே ஒரு பெரிய கோப்பைகூட வரவில்லை.

அது பெரிய கிளப் என்பதால் தாங்கியது. சின்னக் கிளப் தாங்காது. டார்லிங்டன் 2003ல் தன் பழைய ஃபீதம்ஸ் மைதானத்தை விட்டு, 25,000 பேருக்கான அரங்கத்துக்குப் போனது. அந்தக் கிளப்பின் ஆட்டத்துக்கு வரும் கூட்டம் சில ஆயிரம்தான். விளக்குச் செலவுக்கும் பராமரிப்புக்கும் கட்டுப்படியாகாமல் கிளப் திரும்பத் திரும்பத் திவால் நடவடிக்கைக்குப் போய், 2012ல் ரசிகர்கள் புதிதாகத் தொடங்க வேண்டிவந்தது. கோவென்ட்ரி 2005ல் ஹைஃபீல்ட் ரோட்டை விட்டுவிட்டுத் தனக்குச் சொந்தமில்லாத அரங்கத்தில் குடியேறியது. வாடகைத் தகராறில் 2013-14 சீசனை நார்த்தாம்ப்டனிலும், 2019 முதல் இரண்டு சீசன்களைப் பர்மிங்ஹாமிலும் ஆடியது. சொந்த மைதானத்தை விற்றுவிட்டு வாடகைக்குப் போகும் திட்டம் எதுவாக இருந்தாலும், வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் எதிர்ப்பேன்.

சரி, சட்டம் போட்டுக் காப்பாற்றினால்? இங்கேதான் பாரம்பரிய ஆர்வலர்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு. ஹைபரியின் கிழக்கு ஸ்டாண்ட் 1936ல் ஆர்ட் டெகோ பாணியில் கட்டியது, 1997 முதல் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. இன்றும் நிற்கிறது. பழைய மைதான வளாகம் முழுவதிலுமாக 700க்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகள். ஆடுகளம் இருந்த இடத்தில் குடியிருப்பவர்களுக்கான தோட்டம். கட்டடக்கலைக்கு அது நல்ல முடிவு, இடித்துத் தள்ளியதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் அங்கே கால்பந்து கிடையாது.

ரியோ டி ஜெனீரோவின் மரக்கானா இன்னும் வேதனையான கதை. 1950 உலகக் கோப்பையில் பிரேசிலும் உருகுவேயும் ஆடிய கடைசி ஆட்டத்துக்கு 1,73,850 பேர் டிக்கெட் வாங்கி வந்தார்கள் என்பது அதிகாரப்பூர்வக் கணக்கு. ஆடுகளத்தை ஒட்டித் தாழ்வாக ‘ஜெரால்’ என்ற பகுதி இருந்தது. கூரை கிடையாது, உட்கார இடம் கிடையாது, ஆட்டக்காரர்களின் கால்கள்தான் சரியாகத் தெரியும். ஆனால் பேருந்துக் கட்டணம் போல ஒரு சின்னத் தொகைக்கு எந்த ஏழையும் உள்ளே வந்துவிடலாம். வேடம் போட்டுக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு வந்த அந்தக் கூட்டத்துக்கென்றே ‘ஜெரால்டினோ’ என்று ஒரு பெயர் இருந்தது. 2005ல் ஜெரால் மூடப்பட்டது. 2014 உலகக் கோப்பைக்காக உட்புறத்தை முழுவதும் இடித்துக் கட்டினார்கள். பழைய காங்கிரீட் கூரையும் போனது. இப்போது சுமார் 78,000 இருக்கைகள். வெளிப்புற வட்டமும் தூண்களும் தேசியப் பாரம்பரியம் என்ற பெயரில் பத்திரமாக இருக்கின்றன. தெருவிலிருந்து பார்த்தால் அதே மரக்கானா. உள்ளே இருந்த மக்களைக் காப்பாற்றச் சட்டத்தில் இடமில்லை.

சட்டமே கட்டடத்துக்கு எமனாகவும் மாறலாம். மிலானின் சான் சிரோ 1926ல் திறந்தது. 1955ல் இரண்டாம் அடுக்கு, அதைச் சுற்றி ஏறும் சாய்தளங்கள். 1990 உலகக் கோப்பைக்கு மூன்றாம் அடுக்கு, பதினொரு உருளைக் கோபுரங்கள், சிவப்பு இரும்புக் கூரை. மூன்று காலத்து வேலை ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி நிற்கும் இப்படியொரு அரங்கம் வேறெங்கும் இல்லை. அந்த மூன்றாம் அடுக்கு வெயிலையும் காற்றையும் மறைத்துப் புல்லை வாட்டியது என்பதும் உண்மை. இத்தாலியச் சட்டப்படி, அரசு அமைப்புக்குச் சொந்தமான கட்டடத்துக்கு 70 வயதானால் பாரம்பரியப் பாதுகாப்பு வந்துவிடும். இரண்டாம் அடுக்குக்கு அந்த வயது 2025 நவம்பர் 10ல் வந்தது. ஆகவே அதற்குள் விற்றுவிட வேண்டும் என்று எல்லோரும் ஓடினார்கள். செப்டம்பர் கடைசியில் நகர மன்றம் 24க்கு 20 என்ற வாக்கில் ஒப்புக்கொண்டது. நவம்பர் 5ல், கெடுவுக்கு ஐந்து நாள் இருக்கையில், அங்கே ஆடும் இன்டர், மிலான் என்ற இரண்டு கிளப்புகளும் 19.7 கோடி யூரோவுக்குப் பத்திரம் முடித்துக்கொண்டன. இப்போதைய திட்டத்தில் பக்கத்திலேயே 71,500 பேருக்கான புது அரங்கம் வரும். பழையதில் இரண்டாம் அடுக்கின் ஒரு துண்டு மட்டும் மிஞ்சும். நிதானமாகப் பேசி முடித்திருக்க வேண்டிய விஷயத்தைக் காலக்கெடு ஓட ஓட முடிக்க வைத்தது.

இதே நாட்டில் ஃபிளாரன்ஸில் வேறு மாதிரி நடந்தது. பியர் லூயிஜி நெர்வி 1930களின் தொடக்கத்தில் கட்டிய அரங்கத்தை, அந்தச் சுழல் படிக்கட்டுகளும் தூணில்லாமல் நீளும் காங்கிரீட் கூரையும் உள்ள அரங்கத்தை, இடிக்க அங்கே ஆடும் ஃபியோரென்டினா கிளப்பின் உரிமையாளர் விரும்பினார். பண்பாட்டு அமைச்சகம் விடவில்லை. அங்கே அமைச்சகத்தின் பக்கம்தான் நான். பொறியியல் வரலாற்றில் நெர்வியின் வேலைக்கு உள்ள இடம் வேறு, சாதாரண ஸ்டாண்டுக்கு உள்ள இடம் வேறு.

லிவர்பூல் நகரின் எவர்டன் கிளப் எடுத்த முடிவு எனக்கு இன்னமும் உறுத்துகிறது. 1892 முதல் குடிசன் பார்க், மூலையில் ஸ்டாண்டை உரசிக்கொண்டு நிற்கும் தேவாலயம், லீட்ச் கட்டிய புல்லன்ஸ் ரோட் ஸ்டாண்ட். விரிவாக்க நான்கு பக்கமும் இடமில்லை, தூண் மறைக்கும் இருக்கைகள் ஏராளம். நகர வேண்டிய தேவை உண்மையானது. ஆனால் அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் பிராம்லி-மூர் டாக், லிவர்பூலின் பழைய துறைமுகத்தில் ஒரு கப்பல் துறை. அதைக் கடல் மணலால் நிரப்பி அரங்கம் எழுப்பினார்கள். துறைமுகப் பகுதியில் நடந்த கட்டுமானங்களையும், இந்த அரங்கத் திட்டத்தையும் காரணம் காட்டி 2021 ஜூலையில் யுனெஸ்கோ லிவர்பூலை உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. ஒரு வரலாற்று இடத்தை விடுவதற்கு இன்னொரு வரலாற்று இடம் விலையானது. நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும்: அந்தத் துறை பயனில்லாமல் கிடந்தது, இப்போது அதன் பழைய நீரழுத்தக் கோபுரத்தைச் சீரமைத்திருக்கிறார்கள். கடைசி நேரத்தில் குடிசனுக்கும் வழி பிறந்தது. ஆண்கள் அணி 2025 மே 18ல் அங்கே கடைசியாக ஆடியது. இடிப்பதற்குப் பதில் பெண்கள் அணிக்கு அதையே சொந்த மைதானமாகக் கொடுத்துவிட்டார்கள். இதுவரை பெரும்பாலான கிளப்புகளுக்குத் தோன்றாத யோசனை இது. 60,000 தேவையில்லாத, ஆனால் நல்ல மைதானம் தேவைப்படும் அணி எல்லாக் கிளப்பிலும் இருக்கிறது.

அதே நகரில், அடுத்த பூங்காவுக்கு அந்தப் பக்கம், லிவர்பூல் கிளப் பத்து வருடத்துக்கு மேல் புது அரங்கம் கட்டப் போவதாகப் பேசிவிட்டு, 2012ல் தன் பழைய மைதானமான ஆன்ஃபீல்டிலேயே இருப்பது என்று முடிவெடுத்தது. 2016ல் மெயின் ஸ்டாண்ட், அப்புறம் ஆன்ஃபீல்ட் ரோட் பக்கம் என்று ஒவ்வொரு பக்கமாக உயர்த்தி இப்போது சுமார் 61,000. தீவிர ரசிகர்கள் கூடும் கோப் கேலரி இருந்த இடத்திலேயே இருக்கிறது. ரசிகர்களுக்கு இது வெற்றிக் கதை. சுற்றுத் தெருக்காரர்களைக் கேட்டால் வேறு கதை வரும். விரிவாக்கத்துக்காக வாங்கிய வீடுகள் வருடக்கணக்கில் காலியாகப் பூட்டிக் கிடந்து, தெருவே பாழடைந்து, கடைசியில் இடிக்கப்பட்டது. இருக்கும் இடத்திலேயே வளர்வதற்கும் யாரோ விலை கொடுக்கிறார்கள் என்பதை மறைத்துப் பேசக் கூடாது. ரியல் மாட்ரிட் கிளப்பின் மைதானமான பெர்னபேயுவைப் புதுப்பித்து, ஆடுகளத்தைத் துண்டு துண்டாகத் தரைக்கடியில் இறக்கிவைக்கும் வசதி செய்து, இசை நிகழ்ச்சிகள் நடத்தத் தொடங்கினார்கள். சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் எதிர்த்ததில் 2024 செப்டம்பரில் கச்சேரிகளை நிறுத்த வேண்டிவந்தது.

என் கணக்கில் இதை மிகச் சரியாகச் செய்தது ஸ்பெயினின் பில்பாவோ நகரக் கிளப். 1913 முதல் ‘கதீட்ரல்’ என்று அழைக்கப்பட்ட சான் மமேஸ். புது அரங்கத்தின் நிலம் பழையதன் மேலேயே ஒரு பகுதி ஏறி விழும்படி ஒட்டியே அமைந்தது. முதலில் மூன்று பக்கம் கட்டினார்கள். 2013 கோடையில் பழையதை இடித்தார்கள். அந்த செப்டம்பரில் ஒரு பக்கம் திறந்தே கிடக்க ஆட்டம் தொடங்கியது. இடிபட்ட இடத்தில் நான்காவது பக்கம் எழும்பி 2014ல் முடிந்தது. கூரையைத் தாங்கிய அந்தப் புகழ்பெற்ற வெள்ளை வளைவை லெசாமாவில் இருக்கும் பயிற்சி மைதானத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஒரு சீசன்கூட வேறு ஊரில் ஆடவில்லை. ஆட்டத்துக்கு முன் கூட்டம் நடந்து வரும் தெரு அப்படியே இருக்கிறது, கேலரிகள் செங்குத்தாகக் கோட்டை ஒட்டி நிற்கின்றன. கட்டடம் முழுவதுமே புதிது. ஆனாலும் அதைச் சான் மமேஸ் இல்லை என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

கிழக்கு பெர்லினின் யூனியன் கிளப்பையும் சொல்லாமல் விட முடியாது. 2008-09ல் மைதானம் இடிந்து விழும் நிலை, கையில் காசில்லை. 2,000க்கும் மேற்பட்ட ரசிகர்கள் விடுப்புப் போட்டுவிட்டு வந்து காங்கிரீட் போட்டார்கள், கம்பி கட்டினார்கள். மொத்தம் சுமார் 1,40,000 மணி நேர உழைப்பு. இன்றும் அங்கே பெரும்பாலானோர் நின்றே பார்க்கிறார்கள். இதை எல்லாக் கிளப்பும் பின்பற்ற முடியாதுதான். ஆனால் குறைந்த காசில் பாதுகாப்பாகவும் நெருக்கமாகவும் கட்ட முடியாது என்ற வாதம் அங்கே எடுபடாது.

இழந்ததைத் திரும்பப் பெறவும் முடியும், ஆனால் ஒரு தலைமுறைக்கு மேல் ஆகும். புவெனோஸ் ஐரெஸில் சான் லொரென்சோ கிளப் 1979ல், ராணுவ ஆட்சிக் காலத்தில், போயெதோ பகுதியில் இருந்த தன் மைதானத்தை இழந்தது. அந்த இடத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட் வந்தது. ரசிகர்கள் விடாமல் ஊர்வலம் போய், 2012ல் நிலத்தைத் திருப்பித் தரச் சட்டம் கொண்டுவர வைத்து, சதுர மீட்டர் கணக்கில் பணம் கட்டி, 2019ல் நிலத்தை வாங்கினார்கள். இங்கிலாந்தில் 2025ல் நிறைவேறிய கால்பந்து நிர்வாகச் சட்டம், சொந்த மைதானத்தை விற்கவோ இடம் மாற்றவோ புதிய ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. முகப்பைக் காக்கும் சட்டத்தைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது, ஏனென்றால் இது இடத்தைக் காக்கிறது.

இப்போது பலரும் கேட்கும், மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பின் ஓல்ட் டிராஃபோர்டை இதே அளவுகோலில் பார்க்கலாம். 1910ல் லீட்ச் வடிவமைத்தது. 1941ல் குண்டுவீச்சில் பெரும்பகுதி போனது. ஆட்டக்காரர்கள் நடந்து வந்த பழைய சுரங்க வழியைத் தவிர 1910ன் மிச்சம் அங்கே எதுவும் இல்லை. இப்போது நிற்பது பல பத்தாண்டுகளில் பகுதி பகுதியாகக் கட்டியது, கூரையும் ஒழுகுகிறது. 2025 மார்ச்சில் அறிவித்த திட்டம் பக்கத்து நிலத்திலேயே 1,00,000 பேருக்கான அரங்கம், செலவு சுமார் 200 கோடி பவுண்ட். இடம் அதேதான் என்பதால், கட்டடப் பாரம்பரியம் என்ற பெயரில் இதை எதிர்க்க எனக்கு வலுவான காரணம் தெரியவில்லை. அந்தச் சுரங்க வழியையும், அணியின் ஆட்டக்காரர்கள் பலர் இறந்த 1958 மியூனிக் விமான விபத்தின் நினைவுக் கடிகாரத்தையும் காப்பாற்றினால் போதும். ஆனால் 1,00,000 இருக்கை என்றால் கடைசி வரிசை மிகத் தொலைவில் இருக்கும், நடுவே எத்தனை அடுக்குக் கண்ணாடி அறைகள் வருகின்றன என்பதைப் பொறுத்து அது இன்னும் தள்ளிப் போகும். ரசிகர் அமைப்புகள் கணினிப் படங்களை ஒதுக்கிவிட்டு, குறுக்குவெட்டு வரைபடத்தைக் கேட்டு வாங்கி, கோல் கம்பத்திலிருந்து கடைசி இருக்கை எத்தனை மீட்டர் என்று அளந்து பார்க்க வேண்டும். கூடவே, இன்று மிகக் குறைந்த விலையில் சீசன் டிக்கெட் வைத்திருப்பவருக்கு அங்கே எந்த இடம், என்ன விலை, எத்தனை வருடத்துக்கு அந்த விலை என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். அதுவும் அஸ்திவாரம் தோண்டும் முன்னாலேயே.